தூது போகலாம், மணமேடைக்கு?

வெளிநாட்டுத் தூதர் வேலை என்றால் விருந்தும் விமானமும்தானே, அதில் என்ன கஷ்டம்?
(வாசகர், விருதுநகர்)

கல்யாண விருந்துதான் கஷ்டம்! 1949-ல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண் சி.பி. முத்தம்மா. குடகில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். உலகத்தில் எந்த நாட்டுக்கும் போகலாம். மணமேடைக்குப் போவதென்றால் பெண் அதிகாரி அரசிடம் எழுத்துமூலம் அனுமதி வாங்க வேண்டும் என்றது அன்றைய பணிவிதி. மணமான பின் குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடைஞ்சல் என்று மேலிடம் நினைத்தால், ராஜினாமா செய்யச் சொல்லலாம். ஆணுக்கு அந்த விதி கிடையாது. ஆண் அதிகாரிக்குக் குடும்பமே கிடையாதா?

இதையேதான் 1979-ல் உச்ச நீதிமன்றத்தில், முத்தம்மா தொடுத்த வழக்கில், நீதிபதி கிருஷ்ணய்யரும் கேட்டார்.

முத்தம்மா ஏன் கோர்ட்டுக்குப் போனார்?
(வாசகி, காரைக்குடி)

1970-லேயே ஹங்கேரிக்குத் தூதரானவர் அவர். அப்படிப்பட்டவருக்கு அடுத்த பதவி உயர்வை மறுத்தார்கள். பெண் என்பதால்தான் என்று வழக்குப் போட்டார்.

ஜெயித்தாரா?
(வாசகர், தேனி)

மனு தள்ளுபடி! வழக்கு நடக்கும்போதே பதவி உயர்வைக் கொடுத்துவிட்டார்களே. ஆனால் மணமான பெண்ணுக்கு எதிரான விதியை நீக்கிவிட்டோம், திருமண அனுமதி விதியையும் நீக்குகிறோம் என்று அரசே நீதிமன்றத்தில் சொல்ல வேண்டி வந்தது. முத்தம்மா கடைசிவரை மணம் செய்துகொள்ளவில்லை. 2009-ல் அவர் மறைந்தபோது, வெளியுறவுச் செயலர் நாற்காலியில் இருந்தவர் நிருபமா ராவ். மணமான பெண்.