புரபோசல் அண்ணன்

மாமல்லபுரம் ஐந்து ரதம் போகும் வழியில் உளிச்சத்தம் கேட்காத கடை அவருடையது. ஜெராக்ஸ், லேமினேஷன், பான் கார்டு. கீழே புதுப் பெயிண்டில், 'பிசினஸ் புரபோசல் எழுதித் தரப்படும்'. ஊருக்கு அவர் புரபோசல் அண்ணன். சொந்தப் பெயர் தெரிய ஆதார் கார்டைத்தான் பார்க்க வேண்டும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் எவனாவது ரிசார்ட்டுக்கு வானம் தோண்டினால் அண்ணனுக்கு மூக்கு வேர்த்துவிடும். அடுத்த பட்டறைச் சிற்பியைக் கூப்பிடுவார்.

"மாமா, வாசல்ல வைக்க புத்தர் கேப்பாங்க. நாம முந்திக்கணும்."

"கொட்டேஷன் குடுத்தா போதாதாப்பா?"

"அது சிமெண்ட் கடைக்காரன் குடுக்கிறது. நாம குடுக்கிறது புரபோசல்."

"ரெண்டுக்கும் என்னப்பா வித்தியாசம்?"

"ஸ்பைரல் பைண்டிங், மாமா."

மொத்தம் 22 பக்கம். அட்டையில் வேட்டி கட்டிய 'தம்பி' குதிரை. 2022 செஸ் ஒலிம்பியாட்டுக்கு வந்தவர்களெல்லாம் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். குதிரை மட்டும் அண்ணன் கம்ப்யூட்டரிலேயே தங்கிவிட்டது. முதல் 6 பக்கம் நரசிம்மவர்மன். பிறகு 1984, யுனெஸ்கோ. பிறகு 2019, வெண்ணெய் உருண்டைக்கு முன்னால் மோடியும் ஷி ஜின்பிங்கும். 'எங்கள் அனுபவம்' என்ற பக்கத்தில், மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள், கன்னியாகுமரியின் 133 அடி வள்ளுவர்!

"இது நீங்க செஞ்சதா?" என்று நான் கேட்டேன்.

"கணபதி ஸ்தபதி செஞ்சது. அவர் பிரின்சிபாலா இருந்த சிற்பக் கல்லூரி எந்த ஊர்ல இருக்கு? நம்ம ஊர்ல. அப்ப அனுபவம் யாரோடது?"

விலை? கடைசிப் பக்கம், கடைசி வரி: 'நேரில் பேசிக்கொள்ளலாம்.'

எல்லாவற்றுக்கும் மூல ஃபைல் ஒன்றுதான். மறைமலை நகர் ஃபேக்டரி கேன்டீனுக்காகக் கேட்டரிங்காரர் ஒருவருக்கு எழுதியது. அதில் சாம்பார் வந்த இடமெல்லாம் புத்தரை மாற்றிப் போட்டார். ஆகவே ரிசார்ட் மேனேஜர் பிரித்த பக்கத்தில் இப்படி இருந்தது: 'எங்கள் புத்தர் தினமும் காலை 7 மணிக்குள் சூடாக வந்து சேரும்.'

மேனேஜர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் கடலைப் பார்த்தார்.

மாமா மட்டும் டேப்பை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். "சிலை எந்தப் பக்கம் பாக்கணும்? கீழ என்ன சார், மண்ணா?"

"கார் பார்க்கிங்."

"5 அடி புத்தருக்கு 3 அடி அகலம், 3 அடி கனத்துல கல் வேணும் சார். 45 கன அடி. ஒரு கன அடி கருங்கல்லு 75 கிலோ இருக்கும். மூணேகால் டன்னுக்கு மேல. செதுக்கிக் கழிச்சாலும் டன் கணக்குலதான் நிக்கும். ஸ்லாப் தாங்குமான்னு இன்ஜினியரைக் கேட்டுக்குங்க. இல்லேன்னா அந்தப் புங்கமரத்தடியில மண்ணுல நிறுத்திடலாம்."

மேனேஜர் செல்போனைச் சட்டைப்பைக்குள் போட்டார்.

மாமா பில் புக்கில் ஒரு தாளைக் கிழித்துப் பின்பக்கம் எழுதினார். கல் அளவு, சிலை உயரம், எத்தனை நாள், அட்வான்ஸ் எவ்வளவு. லாரி எங்களுடையது, கிரேன் வாடகை உங்களுடையது. இறக்கி நிறுத்தும் வரை மூக்கு உடைந்தால் என் பொறுப்பு. பாதி எழுத்து கல்தூளில் மங்கியிருந்தது. அட்வான்ஸ் அன்றைக்கே கைக்கு வந்தது.

அண்ணன் சும்மா விடுவாரா? அந்தத் தாளை ஜெராக்ஸ் எடுத்து மூல ஃபைலோடு சேர்த்துவிட்டார். இப்போது புரபோசல் 23 பக்கம். போன வாரம் செங்கல்பட்டில் ஒரு கல்யாண மண்டபத்துக்குச் சமையல் காண்ட்ராக்ட் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். சாம்பார், ரசம், வடை, பாயசம். கிரேன் வாடகை தனி.