ரன் பண்ணிப் பார்த்தீங்களா?

கே: ஆன்லைனில் புரோகிராமிங் படித்தால் உண்மையிலேயே வருமா அங்கிள்?
- முதலாண்டு மாணவி, நாமக்கல்

ப: பார்த்தால் வராது. அடித்தால் வரும். கீபோர்டை.

கே: பாட வீடியோவை 2 மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்க்கிறேன். பாதி நேரம் மிச்சம். சரிதானே?
- மாணவர், மதுரை

ப: மிச்சமான பாதியில் என்ன செய்கிறீர்கள்? வீடியோவை மூடிவிட்டு, அதில் வந்த புரோகிராமைப் பார்க்காமல் எழுதிப் பழகினால் சபாஷ். அடுத்த வீடியோவுக்குத் தாவினால் குழப்பமும் 2 மடங்கு.

கே: முதலில் சி படிப்பதா, பைத்தானா? சீனியர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
- பொறியியல் முதலாண்டு, சிவகாசி

ப: கல்லூரி சிலபஸில் சி இருந்தால் பேச்சே இல்லை, சி. உங்கள் விருப்பம் என்றால் பைத்தானில் ஆரம்பியுங்கள். ஆனால் சி-யை ஒருநாள் தொட்டே ஆகவேண்டும். மெமரி என்று ஒன்று இருப்பதே அங்கேதான் தெரியும்.

ஹார்வர்டின் சிஎஸ்50 பாடத்தில் டேவிட் மாலன் என்ன செய்கிறார் பாருங்கள். முதல் வாரம் குழந்தைகள் விளையாடும் ஸ்கிராட்ச். அடுத்து வாரக்கணக்கில் சி. எழுத்துப்பிழை கண்டுபிடிக்கும் ஒரு புரோகிராமுக்காக மாணவர்கள் சி-யில் ராத்தூக்கம் கெட்டு மல்லுக்கட்டிய பிறகு, அதன் அகராதிப் பகுதியைப் பைத்தானில் சில வரிகளில் எழுதிக் காட்டுவார். கஷ்டப்பட்டவனுக்குத்தான் அந்தச் சில வரிகளின் அருமை தெரியும்.

கே: என்பிடெல் பாடம் இலவசம் என்றார்கள். இப்போது பரீட்சைக்குப் பணம் கட்டச் சொல்கிறார்களே?
- ஏமாந்த வாசகர், ஈரோடு

ப: ஏமாறவில்லை. வீடியோவும் வாராந்திர அசைன்மென்ட்டும் இலவசம். சான்றிதழ் வேண்டுமென்றால்தான் கட்டணம் கட்டி, தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுதவேண்டும்.

கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். அசைன்மென்ட்டுக்கு 25, தேர்வுக்கு 75. முதலாவதில் 10-ம் இரண்டாவதில் 30-ம் தனித்தனியாகத் தேறவேண்டும். நண்பரிடம் வாங்கி எழுதி அசைன்மென்ட்டில் 25-க்கு 25 எடுத்துவிட்டு, தேர்வில் 29 என்றால் மொத்தம் 54. சான்றிதழ் பூஜ்யம்.

கே: வயது 52. மளிகைக் கடை வைத்திருக்கிறேன். சென்னை ஐஐடியின் ஆன்லைன் பிஎஸ் படிப்பில் சேர ஆசை. என்னைச் சேர்ப்பார்களா?
- வியாபாரி, திருவாரூர்

ப: முதலில் கையைக் கொடுங்கள்! 2020-இல் தொடங்கிய படிப்பு அது. வயது வரம்பு இல்லை, ஜேஇஇ கேட்பதில்லை. பிளஸ் டூ தேறியிருக்கவேண்டும். பத்தாம் வகுப்பில் கணக்கும் ஆங்கிலமும் படித்திருக்கவேண்டும். 4 வாரப் பாடம், வாராவாரம் அசைன்மென்ட், பிறகு நேரில் எழுதும் தகுதித் தேர்வு. அதைத் தாண்டினால் நீங்கள் ஐஐடி மாணவர்.

இன்னொரு நல்ல சேதி. அங்கே பைத்தானுக்கு முன்னால் 'கம்ப்யூட்டேஷனல் திங்கிங்' என்றொரு பாடம். ஒரு வரி கோடு கிடையாது. ஒரு கட்டு மார்க் அட்டை, ஒரு கட்டு கடை பில். பில்லை ஒவ்வொன்றாக எடு. அதுவரை பார்த்ததில் பெரிய தொகையை ஒரு சீட்டில் குறித்து வை. இந்த பில் அதைவிடப் பெரிதா? சீட்டை மாற்று. இல்லையா? பில்லை ஒதுக்கிவை, அடுத்ததை எடு. கட்டு தீர்ந்தால் சீட்டில் இருப்பதுதான் விடை. இதுதான் லூப், அந்தச் சீட்டுதான் வேரியபிள்.

முப்பது வருஷமாக ராத்திரி கல்லாவை மூடும்போது நீங்கள் செய்வது வேறென்ன? பில் கட்டை எடுத்த நிமிஷமே வகுப்பில் நீங்கள்தான் சீனியர்.

கே: 5-ஐயும் 3-ஐயும் கூட்டச் சொன்னேன். 53 என்கிறது பைத்தான். என் கம்ப்யூட்டர் ரிப்பேரா?
- மாணவி, கும்பகோணம்

ப: கூட்டவில்லை, ஒட்டியிருக்கிறது. இன்புட் வழியாக வருவதெல்லாம் பைத்தானுக்கு வெறும் எழுத்து. இன்ட்-டுக்குள் போட்டு எண்ணாக்கிவிட்டுக் கூட்டுங்கள். அப்படியே விட்டால் சம்பளம் 5000, படி 3000, கையில் 50003000. அந்தக் கம்பெனி முகவரியைக் கொஞ்சம் அனுப்புங்கள்.

கே: கண்ணுக்கு எல்லா வரியும் நேராகத்தான் நிற்கிறது. ஆனாலும் இன்டென்டேஷன் எரர். பழிவாங்குகிறதா?
- மாணவர், திண்டுக்கல்

ப: வாட்ஸ்அப்பில் வந்த கோடை அப்படியே ஒட்டினீர்களா? ஒரு வரியில் டேப் இருக்கும், அடுத்த வரியில் நாலு ஸ்பேஸ் இருக்கும். உங்கள் கண்ணுக்கு இரண்டும் வெற்றிடம், பைத்தானுக்கு இரண்டும் வேறு. முழுதையும் அழித்துவிட்டுச் சொந்த விரலால் அடியுங்கள். எரரும் போகும், பாடமும் ஏறும்.

கே: 'தமிழ்' மூன்றெழுத்து என்று ஒன்றாம் வகுப்பிலேயே படித்தேன். பைத்தானில் லென் போட்டால் 5 என்கிறதே. தமிழுக்கு அவமானம் இல்லையா?
- தமிழாசிரியர், தஞ்சாவூர்

ப: கோபம் வேண்டாம் ஐயா. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. யூனிகோடு இப்படி ஐந்தாக வைத்திருப்பதால் பைத்தானும் ஐந்தாக எண்ணுகிறது. தொல்காப்பியர் எண்ணினால் 3, யூனிகோடு எண்ணினால் 5. இருவரும் சரி.

சொல்லைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள், புள்ளி முன்னால் வந்து தனியாக நிற்கும். எழுத்து எழுத்தாகப் பிரிக்க ஓப்பன்-தமிழ் என்றொரு பைத்தான் நூலகம் இருக்கிறது, இலவசம். இன்னொரு சந்தோஷம்: பைத்தான் 3-இல் வேரியபிளுக்கு 'விலை', 'எடை' என்று தமிழிலேயே பெயர் வைக்கலாம், மறுக்காமல் ஓடும். உங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதை முதல் பாடமாக நடத்துங்கள் ஐயா. நடத்த உங்களைவிடத் தகுதியான ஆள் யார்?

கே: 0.1-உம் 0.2-உம் கூட்டினால் 0.30000000000000004 வருகிறது. அந்த 4 யாருடையது?
- பி.காம். மாணவர், கோயம்புத்தூர்

ப: யாருடையதும் இல்லை, மிச்சம். மூன்றில் ஒன்றை நீங்கள் 0.333 என்று எழுத ஆரம்பித்தால் முடியுமா? பத்தில் ஒன்றை இரண்டின் அடிமானத்தில் எழுதினாலும் அதே முடியாத கதை. கம்ப்யூட்டர் ஓரிடத்தில் வெட்டுகிறது, வெட்டிய துணுக்கு இப்படி எட்டிப் பார்க்கிறது. பணக்கணக்கு எழுதினால் ரூபாயில் வைக்காமல் பைசாவில், முழு எண்ணாக வையுங்கள். ஆடிட்டர் கண்ணில் அந்த 4 படக்கூடாது.

கே: மாதிரி டெஸ்ட்கேஸ் எல்லாம் பாஸ். சப்மிட் செய்தால் பிரைவேட் டெஸ்ட்கேஸில் ஃபெயில். அநியாயம்!
- மாணவி, திருநெல்வேலி

ப: என்ன கேள்வி? லீப் ஆண்டு கண்டுபிடிப்பதா? 4-ஆல் வகுபட்டால் போதும் என்று எழுதியிருப்பீர்கள். 2024-க்கு ஓடும். 1900 கொடுத்தால் மாட்டிக்கொள்வீர்கள், அது லீப் இல்லை. 100-ஆல் வகுபட்டால் கிடையாது, 400-ஆலும் வகுபட்டால் உண்டு. அதனால் 2000 லீப்.

மறைத்து வைத்திருக்கும் டெஸ்ட்கேஸ்களின் வேலையே இதுதான். பூஜ்யம், மைனஸ் எண், காலி லிஸ்ட், ஒரே ஒரு எண் மட்டும் உள்ள லிஸ்ட். சப்மிட் அழுத்தும் முன் இந்த நாலையும் நீங்களே கொடுத்துப் பாருங்கள் அம்மா.

இன்னொரு கள்ளனும் உண்டு. 'ஒரு எண்ணைக் கொடுக்கவும்' என்று மரியாதையாக இன்புட்டுக்குள் எழுதியிருப்பீர்கள். அந்த வரியும் அவுட்புட்டில் அச்சாகும். திருத்தும் இயந்திரம் விடையை மட்டும் எதிர்பார்க்கும். உங்கள் மரியாதைக்கு அது போடும் மார்க் பூஜ்யம்.

கே: பையன் எந்நேரமும் லேப்டாப் முன்னால்தான். கேட்டால் 'ஆன்லைன் கிளாஸ்' என்கிறான். படிக்கிறானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
- ஒரு தாய், விழுப்புரம்

ப: கதவுக்கு வெளியே நின்று காதைக் கொடுங்கள் அம்மா. கீபோர்டு சத்தம் கேட்டால் நல்ல அறிகுறி. சாப்பிட வரும்போது, "இன்னிக்கு என்ன எரர்டா வந்துச்சு?" என்று மட்டும் கேளுங்கள். பத்து நிமிஷம் புலம்பினால் பையன் படிக்கிறான். "ஒண்ணும் வரலம்மா" என்றால் லேப்டாப்பைத் திறந்து பாருங்கள்.

கே: சாட்ஜிபிடி ஒரு நொடியில் எழுதித் தருகிறது. நான் ஏன் மண்டையை உடைத்துக்கொள்ளவேண்டும்?
- மாணவர், சென்னை

ப: தேர்வு மையத்தில் உங்கள் பக்கத்தில் உட்கார அதற்கு ஹால்டிக்கெட் கிடையாது.

பயன்படுத்தவே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். முதலில் நீங்கள் எழுதுங்கள். எரர் வந்தால் கடைசி வரியைப் படியுங்கள், பைத்தான் அங்கேதான் விஷயத்தைச் சொல்லும். அரைமணி முட்டிப் பாருங்கள். அதன்பிறகு, "விடை வேண்டாம், எங்கே தப்பு என்று மட்டும் சொல்" என்று அதனிடம் கேளுங்கள். அது வாத்தியார். விடையையே வாங்கி ஒட்டினால் படிப்பது அது, ஃபீஸ் கட்டுவது உங்கள் அப்பா.

கே: நண்பனின் கோடில் வேரியபிள் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்தால் கண்டுபிடிப்பார்களா?
- பெயர் வேண்டாம், சேலம்

ப: 1994-இலேயே அலெக்ஸ் ஐக்கன் இதற்கென்று ஒரு மென்பொருள் எழுதிவிட்டார். பெயர் மாற்றினாலும் உள்ளே இருக்கும் அமைப்பை ஒப்பிட்டுப் பிடித்துவிடும். அதன் பெயர் மாஸ். வேலையும்தான்.

கே: ஒரு சின்னப் பிழைக்கு அரை மார்க் குறைக்கிறார்களே, இரக்கமே இல்லையா?
- மாணவர், தூத்துக்குடி

ப: 1996 ஜூன் 4. ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட், முதல் பயணம். 64 பிட் எண்ணை 16 பிட் இடத்துக்குள் திணித்தது ஒரு புரோகிராம். அந்த இடத்தில் 32767-க்கு மேல் கொள்ளாது. பழைய ஏரியான் 4-இல் ஒழுங்காக ஓடிய அதே கோடு, புதிய ராக்கெட்டின் வேகத்துக்கு எண் பெரிதாகிவிட்டது. கிளம்பி ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, வானத்திலேயே சிதறியது. உங்களுக்குப் போனது அரை மார்க்.

கே: உலகின் முதல் புரோகிராமர் ஒரு பெண்ணாமே?
- பிளஸ் டூ மாணவி, புதுச்சேரி

ப: ஆமாம், அடா லவ்லேஸை அப்படித்தான் போற்றுகிறார்கள். 1843-இல், பாபேஜின் இயந்திரத்தில் பெர்னூலி எண்களைக் கணக்கிடும் முறையைப் படிப்படியாக எழுதி வெளியிட்டார். அந்த இயந்திரம் கடைசிவரை கட்டப்படவே இல்லை. ரன் பண்ண மெஷினே இல்லாமல் எழுதினார் அவர். கையில் மெஷினை வைத்துக்கொண்டு ரன் பண்ணாமல் சப்மிட் செய்கிறவர்களுக்கு அவர் படத்தை அனுப்பிவைக்கலாம்.

கே: ஆங்கிலம் தடுமாறுகிறது. பாடம் பாதி புரியவில்லை. விட்டுவிடலாமா?
- அரசுக் கல்லூரி மாணவி, தருமபுரி

ப: விடவே கூடாது! என்பிடெல் பல பாடங்களைத் தமிழிலும் மொழிபெயர்த்துத் தருகிறது, தேடுங்கள். பைத்தானின் கட்டளைச் சொற்கள் நாற்பதைத் தாண்டாது. அவற்றுக்கு எம்.ஏ. ஆங்கிலம் தேவையில்லை. தமிழிலேயே எழுத எழில் என்றொரு நிரல்மொழிகூட இருக்கிறது. இஃப், எல்ஸ் தெரியாமல் தமிழ்ப்பிள்ளை யாராவது உண்டா? "மார்க் வந்தா போன், இல்லாட்டி அடி" என்றுதானே வளர்ந்தோம்!

கே: லேப்டாப் இல்லை. போன் மட்டும்தான்.
- மாணவர், ராமநாதபுரம்

ப: கூகுள் கோலாப் போன் பிரவுசரிலேயே ஓடும், எதையும் இன்ஸ்டால் செய்யவேண்டாம். தொடுதிரையில் அடித்தால் மேற்கோள் குறி வளைந்து வந்து எரர் கொடுக்கும், கவனம். கைக்குக் கிடைத்தால் ஒரு பழைய கீபோர்டைப் போனோடு இணையுங்கள். கல்லூரி லேப் சாயங்காலம் எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்று கேட்டு, பூட்டும்வரை உட்காருங்கள். உங்களை எழுப்பிவிடும் லேப் உதவியாளர் திட்டினால் என் பெயரைச் சொல்லுங்கள்.

கே: 2011-இல் ஸ்டான்ஃபோர்டு இலவசமாக நடத்திய ஆன்லைன் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தில் எத்தனை பேர் சேர்ந்தார்கள்?
- பொது அறிவு ஆர்வலர், கடலூர்

ப: சுமார் 1,60,000 பேர். முடித்தவர்கள் சுமார் 23,000. நீங்கள் கேட்காத எண்தான் முக்கியம்.

கே: சான்றிதழ் வாங்கினால் வேலை கிடைக்குமா?
- பட்டதாரி, வேலூர்

ப: நேர்காணலில் சான்றிதழைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, வெள்ளைப் பலகையைக் காட்டி "எழுதுங்க" என்பார்கள். அங்கே பேசுவது காகிதம் இல்லை, விரல். சொந்தமாக ஏதாவது ஒன்று செய்து கையோடு கொண்டுபோங்கள். உங்கள் ஊர் பஸ் நேரம் சொல்லும் புரோகிராமாக இருந்தாலும் போதும். வேலூர் பஸ் நேரத்தைச் சரியாகச் சொல்லிவிட்டால், நேர்காணல் எடுப்பவரே முதல் வாடிக்கையாளர்.

கே: அசைன்மென்ட் கெடு புதன் இரவு 11.59. புதன் சாயங்காலம் ஆரம்பித்தால் போதாதா?
- மாணவர், திருச்சி

ப: 11.50-க்கு நெட் போகும். எந்தக் கம்பெனி நெட் என்று கேட்காதீர்கள், எல்லாமே போகும். ஞாயிற்றுக்கிழமை ஆரம்பியுங்கள்.