சாளையும் காளியும்

எங்கள் வீட்டுப் பூனையின் பெயர் சாளை. குலசேகரன்பட்டினத்தில் பூனைக்கு மீன் பெயர் வைப்பது, பிள்ளைக்குக் குலசாமி பெயர் வைப்பது மாதிரிதான்.

போன புரட்டாசியில் சாளை நகம் கடிக்க ஆரம்பித்தது. பின்னங்கால் விரல்களை விசிறியாக விரித்து, ஒரு நகத்தைக் கடைவாயில் கொடுத்து, 'டிக்' என்று இழுக்கும். ஆச்சி பார்த்துவிட்டு, "உன்னப் பாத்துதாம்ல படிச்சிருக்கு" என்றாள். நாற்பது வயதிலும் நகம் கடிக்கிறவனுக்கு வீட்டில் அவ்வளவுதான் மரியாதை.

மறுநாள் பாயில் பிறை மாதிரி ஒரு நகம் கிடந்தது. எனக்கு ஈரக்குலை நடுங்கிவிட்டது. நகத்தைத் தாளில் மடித்து, சாளையைக் கூடையில் போட்டு மூடி, மாட்டு டாக்டரிடம் ஓடினேன். (எங்கள் பக்கம் கிளிக்கு வைத்தியம் பார்த்தாலும் அவர் மாட்டு டாக்டர்தான்.) பொட்டலத்தைப் பிரித்தவர் சிரித்தார். அது நகமே இல்லையாம், நகம் கழற்றிப் போட்ட சட்டையாம். பூனை நகம் வெங்காயம் போல அடுக்கடுக்காக வளரும். மேல்தோடு பழசானால் கழன்று விழும். அடியில் புதுசு கூராக இருக்கும். முன்னங்கால் தோட்டைக் கதவிலோ கட்டில் காலிலோ பிறாண்டிக் கழற்றிவிடும். பின்னங்காலுக்குப் பல்லுதான் கதி. முன்கால் ஒன்றுக்கு ஐந்து, பின்கால் ஒன்றுக்கு நான்கு, ஆக 18 நகம். சாளைக்கு வேலை இல்லை என்று இனி யாரும் சொல்லக் கூடாது.

"எப்பவாவது கடிச்சா சவரம் பண்ணிக்கிற மாதிரி. எந்நேரமும் கடிச்சாத்தான் யோசிக்கணும்" என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு விரலாக அமுக்கிப் பார்த்தார். சீழ், பூஞ்சை, தெள்ளுப்பூச்சி, வளைந்த நகம் சதைக்குள் குத்துவது, எதுவும் இல்லை. பிறகு சாளையை விட்டுவிட்டு என்னை விசாரிக்கத் தொடங்கினார்.

"வீட்டுக்குப் புதுசா யாராவது வந்திருக்காங்களா?"

"காளி வந்திருக்கா சார்."

என் மச்சினனைத்தான் சொன்னேன். முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு விரதம் இருந்து, கொடியேறியதும் காப்புக் கட்டி, காளி வேஷத்தில் வேஷக்காரர் செட்டோடு ஊர் ஊராகத் தர்மம் எடுத்துக்கொண்டிருந்தான். அதுவரை அவன் வயிறுதான் சாளைக்கு மெத்தை. அன்றைக்குக் கதவைத் திறந்துகொண்டு வந்ததோ முடியும் சடையும் தொங்கும் நாக்குமாக ஆறடி உருவம். பின்னால் தாரை தப்பட்டை. காலில் சலங்கை. நம் காது நொடிக்கு 20 ஆயிரம் அதிர்வோடு ஓய்ந்துவிடும். பூனைக் காது 60 ஆயிரத்தையும் தாண்டும். அதற்கு அந்தச் சலங்கை எப்படிக் கேட்டதோ! போதாததற்குப் பூனை ஆளை அடையாளம் பிடிப்பதில் பாதி மூக்கால். அரிதாரமும் சாம்பிராணியும் சேர்ந்து மச்சினனின் வாசனையையே அழித்துவிட்டன. பயந்த பூனை ஒளியும், முடி உதிர நக்கும், நகத்தைக் கடிக்கும், கண்ட இடத்தில் ஒன்றுக்குப் போகும். சாளை என் செருப்பைத் தேர்ந்தெடுத்திருந்தது.

"அடிக்காதீங்க, கட்டிப் போடாதீங்க. உயரத்துல இருட்டா ஒரு இடம் குடுங்க. சோறு வழக்கமான நேரத்துக்கு வைங்க. நம்ம மாத்திரைய மட்டும் குடுத்துராதீங்க, பாரசிட்டமால் பூனைக்கு விஷம்" என்றார். நான் சட்டைப் பையில் இருந்த அரை மாத்திரையை மெதுவாக உள்ளே தள்ளினேன்.

பரணில் அட்டைப்பெட்டி வைத்து, மச்சினனின் துவைக்காத லுங்கியை விரித்தோம். என் மனைவிக்கு நாற்றம் தாங்கவில்லை. சாளைக்கு அது சொர்க்கம். சூரசம்ஹாரம் முடிந்து, காப்பை அவிழ்த்து, குளித்துவிட்டு வந்து அவன் படுத்தான். கொஞ்ச நேரம் அவன் கையை மோந்து பார்த்த சாளை வயிற்றில் ஏறிக்கொண்டது. அன்றிலிருந்து எப்போதாவது சவரம் மட்டும்தான்.

ஆச்சிக்கு இப்போது வேறு கவலை. 2024 பிப்ரவரி 28 அன்று இங்கே ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். இங்கிருந்து விட்டால் இலங்கையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டாம், நேரே தெற்கே போகலாம் என்று கணக்கு. "கொட்டுக்கே இந்தப் பாடுன்னா, அதுக்கு என்னல செய்யும்?" என்கிறாள். பெட்டியைப் பரணிலிருந்து இறக்கவில்லை.

இந்தத் தசராவுக்கு எங்கள் தெருவுக்கு வருகிற காளிகளே, கரடிகளே, குரங்குகளே! தர்மம் நிச்சயம் உண்டு. மேளத்தை மட்டும் தெருமுனையில் நிறுத்திவிட்டு வாருங்கள்.