குடியா மருந்து: ஒரு நூற்பாவும் விரிவுரையும்

தனியாள் வீடியோ கேம்களில் வாளெடுத்துத் திரியும் வீரர்கள் யாவரிடமும் ஒரு பொதுப்பண்பு காணப்படுகிறது. அவர்கள் சாகிறார்கள், சாகும்போது அவர்கள் பை நிறைய மருந்து இருக்கிறது. கால் உயிரை வைத்துக்கொண்டு டிராகனின் வாய்க்கு நேராக ஓடி, வெந்து, மடிந்து, லோட் ஆகி, மறுபடியும் அதே கால் உயிரோடு அதே வாய்க்கு நேராக ஓடுவார்கள். பாட்டிலின் மூடி மட்டும் திறக்காது. இவ்வொழுக்கத்தைப் பித்து என்றும் கஞ்சத்தனம் என்றும் உலகோர் பழிப்பர். அப்பழி பொருந்தாது என நிறுவுவதே இவ்வாய்வின் நோக்கம்.

முடிபை முதலிலேயே நூற்பாவாகத் தந்துவிடுவது மரபு:

உயிர்மீண்டு வருமே மருந்துமீண்டு வாராது
வாராத ஒன்றே காக்கப் படுமே.

இதன் பொருள்: செத்தால் லோட் செய்துகொள்ளலாம், ஐந்து நிமிட நட்டம். குடித்த மருந்தோ குடித்ததுதான். அதற்குப்பின் ஒரு சேவ் விழுந்துவிட்டால் பிரமனாலும் திருப்பித் தர இயலாது. ஆகவே உயிர் மலிந்தும் மருந்து அரிதாயும் இருக்கும் நாட்டில் அரியதைக் காத்து மலிந்ததைச் செலவிடுதல் நல்ல பொருளாதாரம் என்க.

முன்னோர் கருத்துகளையும் பார்த்துவிடுவோம். டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் ஓர் ஆய்வுரை வெளியிட்டனர். பெறுவதால் வரும் மகிழ்ச்சியைவிட, அதே அளவு இழப்பதால் வரும் வலி பெரிது என்பது அதன் சாரங்களுள் ஒன்று. கானமனுக்கு 2002இல் பொருளாதார நோபலும் கிடைத்தது. நல்ல கருத்துதான். ஆனால் நாற்பது பாட்டில் வைத்திருப்பவன் நாற்பதாவதைக் குடிக்கவும் ஏன் நடுங்குகிறான் என்பதற்கு அதில் முழு விடை இல்லை. இன்னொரு சாரார், பீரோவில் பாச்சை உருண்டையோடு கிடக்கும் பட்டுப்புடவைக்கும் இதற்கும் வேறுபாடில்லை என்பர். அதுவும் போலி. புடவைக்காரிக்குக் கல்யாணம் ஒருமுறைதான் வரும். அதை லோட் செய்து மறுபடி நடத்த முடியாது.

இனி எடுத்துக்காட்டு. 1994இல் ஸ்குவேர் நிறுவனம் வெளியிட்ட ஃபைனல் ஃபேன்டஸி 6இல் எலிக்ஸிர் என்றொரு மருந்து உண்டு. குடித்தவருக்கு உடல்வலிமையும் மந்திரவலிமையும் ஒருசேர முழுமையாக நிரம்பும். அதன் அண்ணன் மெகாலிக்ஸிர். ஒரு புட்டியில் கூட்டம் முழுதும் பிழைக்கும். சில வீடுகளில் நிற்கும் பெரிய கடிகாரங்களுக்குள் எலிக்ஸிரை ஒளித்துவைத்தார்கள். ஆட்டக்காரர்கள் ஊர் ஊராகப் போய்க் கடிகாரங்களைத் துழாவினார்கள். உலகமே அழிந்துகொண்டிருந்தது; இவர்கள் அடுத்தவர் வீட்டுக் கடிகாரத்தில் கைவிட்டுக்கொண்டிருந்தார்கள். எடுத்ததை யாருக்கும் புகட்டவுமில்லை. ஒரு பொருளில் 99 வரை வைத்துக்கொள்ளலாம் என்பது விதி. ஆட்டக்காரர் கண்ணுக்கு அது மேல்வரம்பாகத் தெரியவில்லை, எட்டவேண்டிய மதிப்பெண்ணாகத் தெரிந்தது.

1996இன் ரெசிடென்ட் ஈவில் நம் நூற்பாவுக்கு ஒரு சிக்கலைத் தருகிறது. மறைப்பது ஆய்வறம் ஆகாது. அங்கே நினைத்தபோது சேவ் செய்ய முடியாது. தட்டச்சுப்பொறி இருக்கும் அறைக்குப் போகவேண்டும், கையில் மை ரிப்பனும் இருக்கவேண்டும், ஒரு சேவுக்கு ஒன்று தீரும். ஆக, உயிரை மீட்டுத் தரும் வசதியே தீரும் பண்டமாகிவிட்டது. நியாயப்படி ஆட்டக்காரர் அடிக்கடி ரிப்பனைச் செலவிட்டிருக்க வேண்டும். நடந்தது வேறு. பொருள் வைக்க நாயகி ஜில்லுக்கு 8 இடம், நாயகன் கிறிஸுக்கு 6 இடம். அந்த நெருக்கடியிலும் ரிப்பனைச் சேர்த்துவைத்து, சேவ் செய்யாமலே நடந்து, ஏதோ ஒரு மூலையில் ஜாம்பியிடம் கடிபட்டு, இரண்டு மணி நேர ஆட்டத்தைத் தொலைத்தார்கள். இதற்கு யாம் கூறும் அமைதி: ரிப்பன் மீளாது, நேரமும் மீளாது. ஆனால் ரிப்பன் பெட்டியில் கண்ணுக்குத் தெரிகிறது, நேரம் தெரியவில்லை. விளையாட உட்கார்ந்தவன் நேரத்தைத் தன் சொத்தாகக் கருதியதாகச் சான்று ஏதும் இல்லை.

நூற்பாவை ஐயமற நிறுவுவது ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனத்து ஹிடெடாகா மியாசாகி இயக்கிய மூன்று ஆட்டங்கள். அவர் ஆட்டக்காரரைக் கொல்வதில் பெயர்பெற்றவர் என்றே பலரும் அறிவர். எம் கணிப்பில் அவர் மருந்துப் பொருளியலில் மூன்று பரிசோதனைகள் நடத்தியவர். 2009இன் டீமன்ஸ் சோல்ஸில் காயத்துக்குப் புல் தின்ன வேண்டும். தேடினால் கிடைக்கும், தின்றால் தீரும். எனவே வீரர்கள் வைக்கோற்போர் கட்டினார்கள். 2011இன் டார்க் சோல்ஸில் அவர் தராசைத் தலைகீழாக்கினார். எஸ்டஸ் என்றொரு குடுவை. தொடக்கத்தில் பெரும்பாலான இடங்களில் 5 வாய். நெருப்பை வளர்த்தால் 10, அதற்குரிய சடங்கும் கைவந்தால் 20 வரை. நெருப்பருகே உட்கார்ந்து எழுந்தால் குடுவை தானாக நிரம்பும் (கொன்றுபோட்ட சாதாரண எதிரிகளும் தானாக எழுந்து நிற்பார்கள், அது தனிக் கணக்கு). செத்தாலோ, சேர்த்த ஆன்மாக்கள் செத்த இடத்திலேயே கிடக்கும். அங்கே போய்ச் சேருமுன் இன்னொருமுறை செத்தால் அவை ஒழிந்தன. ஆட்டம் தானே எழுதிக்கொண்டே வருவதால் பழைய சேவைத் தேடி ஓடவும் வழியில்லை. மருந்து மீளும், உயிரின் ஈட்டம் மீளாது. உடனே என்ன ஆயிற்று? முப்பது ஆட்டங்களில் ஒரு மிடறும் விழுங்காத மகா கஞ்சர்கள் மடக் மடக்கென்று குடித்தார்கள்.

மனம் மாறிவிட்டது என்று எண்ணிவிடலாகாது. மூன்றாம் பரிசோதனை 2015இன் பிளட்போர்ன். அங்கே மருந்து என்பது ரத்தக் குப்பி; கையில் 20, மிச்சம் கிடங்கில். விளக்கின் வழியே போய்வந்தாலும் செத்து எழுந்தாலும் கிடங்கில் உள்ளதுதான் கைக்கு வரும், புதிதாக ஒரு சொட்டும் ஊறாது. ஒரே பாஸிடம் திரும்பத் திரும்பத் தோற்றவன் கிடங்கைக் காலிசெய்துவிட்டு, குப்பி தேடி ஊருக்குள் வேட்டைக்குப் போகவேண்டியிருந்தது. பழைய கஞ்சத்தனம் அன்றே திரும்பிற்று. மனிதர் அவரே, மனமும் அதுவே. மாறியது எது மீளும் என்ற ஏற்பாடு மட்டும்தான்.

இதே 2015இல் போலந்துக்காரர்களின் விட்சர் 3 வேறொரு வழி கண்டது. அதன் நாயகன் கெரால்ட் ஒரு மருந்தை ஒருமுறை காய்ச்சினால் போதும். பிறகு தியானத்தில் உட்கார்ந்து எழும்போது, பையில் கடுஞ்சாராயம் இருந்தால், காலிப் புட்டிகள் எல்லாம் நிரம்பிவிடும். தியானத்தையும் சாராயத்தையும் ஒரே இருக்கையில் முடித்துக்கொடுத்த வேறு நெறியை யாம் அறியோம். சிக்கல் தீர்ந்ததா என்றால், சாராயம் தீரும் பொருளாயிற்றே. எனவே சாராயத்தைச் சேர்க்கத் தொடங்கினார்கள்.

2011இன் ஸ்கைரிமில் பாலாடைக்கட்டி ஒரு துணைச்சான்று. பையைத் திறந்தால் போர் அப்படியே உறைந்துநிற்கும். ஓங்கிய வாளோடு பகைவன் காத்திருக்க, வீரன் சக்கரம் சக்கரமாகக் கட்டியைத் தின்று, மென்று, பையை மூடி, மிச்ச அடியை வாங்குவான். அதே பையில் உயர்ந்த மருந்துகள் இருக்கும். தொடக்கத்தில் தூக்கக்கூடிய எடை 300. அதை மீறினால் ஓட முடியாது. மிச்ச மூட்டை துணைக்கு வரும் லிடியாவின் தலையில். அவளும் முகம் சுளித்துக்கொண்டே சுமப்பாள். மலிந்ததைத் தின்று அரியதைச் சுமத்தல் என்னும் நூற்பாவின் பிற்பகுதி இங்கே எழுத்துக்கு எழுத்து நிறைவேறுகிறது.

அற்றேல், கடைசி பாஸ் முன்னிலையிலாவது குடிக்கலாமே, அதற்குப்பின் எதற்குச் சேமிப்பு என்று வினவுவார்க்கு விடை: அவன்தான் கடைசி என்று யார் சொன்னது? ஃபைனல் ஃபேன்டஸி 6இன் இறுதிப்போர் அடுக்கடுக்கானது. ஒரு தளத்தை வீழ்த்தினால் அதற்கு மேல் இன்னொன்று, எல்லாம் முடிந்தபின் வில்லன் கெஃப்கா. இப்படிப்பட்ட ஆட்டங்களில் வளர்ந்தவன், எதிரி விழுந்ததும் கொண்டாடமாட்டான். இசை மாறுகிறதா என்று காது கொடுப்பான். பெயர்கள் ஓடத் தொடங்கிய பிறகுதான் அவனுக்கு நம்பிக்கை வரும். பெயர்கள் ஓடும்போது மருந்து குடிக்க பட்டன் இல்லை.

புறனடை ஒன்று. 2017இன் செல்டா ஆட்டமான பிரெத் ஆஃப் த வைல்டில் வாள்களே உடையும். எனவே நல்ல வாளை முதுகில் வைத்துக்கொண்டு மரக்கிளையால் அடிக்கும் வழக்கம் பரவிற்று. வாள் வைக்க இடம் பெருக்கவேண்டுமானால் கோரோக் விதைகளைத் தேடி ஹெஸ்டு என்பவரிடம் கொடுக்கவேண்டும். விதைகள் மொத்தம் 900. எல்லா இடங்களையும் திறக்க 441 போதும். மீதி 459 எதற்கு என்று கேளாமல் மலையும் மரமும் ஏறி அத்தனையும் பொறுக்கி வந்தவர்களுக்கு ஹெஸ்டு ஒரு பரிசு தருவார். பொன்னிறமாய், சுருள் சுருளாய், தெருவில் கண்டால் நாம் சுற்றிப் போகிற வடிவில் இருக்கும். அதை வைத்துக்கொண்டு அவரிடம் கேட்டால் ஆடிக் காட்டுவார், எத்தனை முறை வேண்டுமானாலும். அது உடையாது, தீராது, விற்கவும் முடியாது. சேமிப்பாளரின் வாழ்வில் தயக்கமின்றிப் பயன்படுத்தத்தக்க ஒரே பொருள் இதுவே என்க.