சான்று தேவை

திருநெல்வேலி அல்வாவுக்கு அந்த ருசி வருவது தாமிரபரணித் தண்ணீரால்தான் என்பதில் எங்கள் ஊரில் மாற்றுக் கருத்துக்கு இடம் கிடையாது. மாற்றுக் கருத்து சொல்கிறவன் வீட்டில் பெண் எடுக்கவே யோசிப்பார்கள். ஆனால் இதே வாக்கியத்தைத் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதிவிட்டு மறுநாள் போய்ப் பாருங்கள். வாக்கியத்தின் வாலில், சதுர அடைப்புக்குறிக்குள் இரண்டு சொற்கள் முளைத்திருக்கும்: சான்று தேவை.

போட்ட புண்ணியவான் யார், எந்த ஊர் என்று தெரியாது. கும்பகோணமாக இருக்கலாம், கோலாலம்பூராகவும் இருக்கலாம். எங்கே இருந்தாலும் அவர் கேட்டது நியாயமான கேள்விதான். எனவே டவுனில் ரதவீதிக்குப் பின்னால் அல்வா கிண்டும் அண்ணாச்சி ஒருவரைத் தேடிப் போனேன். சம்பா கோதுமையை ஊறப்போட்டு, அரைத்துப் பாலெடுத்து, புளிக்க வைத்து, சர்க்கரையோடு சேர்த்து அவர் கிண்டிக்கொண்டிருந்தார். நெய் ஓரங்களில் பிரிய ஆரம்பித்திருந்தது. கிண்டுகிற கையை நிறுத்தினால் அடிப்பிடித்துவிடும் என்பதால் என்னைத் திரும்பிப் பார்க்காமலே பேசினார்.

“அண்ணாச்சி, தண்ணியாலதான் ருசின்னு சொல்லுதோம்லா, அதுக்கு ஆதாரம் ஏதும் இருக்கா?”

“யாரு கேக்கா?”

“கம்ப்யூட்டர்ல கேக்காவ.”

சட்டியிலிருந்து ஒரு துண்டை வழித்து வாழையிலைக் கிழிசலில் வைத்து நீட்டினார். சூடு பொறுக்க ஊதி வாயில் போட்டேன். தொண்டைக்குள் இறங்கியதே தெரியவில்லை. “இதாம்வே ஆதாரம்” என்றார்.

வீட்டுக்கு வந்து மேற்கோள் படிவத்தைத் திறந்தேன். ஆசிரியர், நூல், பதிப்பகம், ஆண்டு, பக்கம் என்று வரிசையாகக் கட்டங்கள். என் ஆதாரம் ஏற்கெனவே வயிற்றுக்குள் போய்விட்டபடியால் ‘பார்க்கப்பட்ட நாள்’ என்ற கட்டத்தை மட்டும்தான் நிரப்ப முடிந்தது.

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. கோதுமை நம் வயலில் விளைவதில்லை. நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே இருக்கும் இருட்டுக்கடை உட்பட, இந்த ஊரில் அல்வாவுக்குப் பேர் வாங்கித் தந்த குடும்பங்களின் மூதாதையர் ராஜஸ்தானத்திலிருந்து வந்தவர்கள். ஆக, அல்வாவில் நமக்கென்று மிச்சமிருக்கும் சொந்தப் பாத்தியதை தண்ணீர் ஒன்றுதான். அதற்கும் போய் ரசீது கேட்டால் திருநெல்வேலிக்காரன் என்னதான் செய்வான்?

விக்கிப்பீடியாவின் சட்டம் புரிந்துகொள்ளச் சிரமமில்லாதது. நீ கண்டாயா என்பது கேள்வியே இல்லை. யார் அச்சிட்டார்கள் என்பதுதான் கேள்வி. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். விக்கிப்பீடியாவிலோ தீர விசாரித்தால் அதற்குப் பெயர் ‘சொந்த ஆய்வு’. உடனே நீக்கிவிடுவார்கள். வேறொருவர் விசாரித்து, புத்தகம் போட்டு, அது விற்காமல் மாவட்ட நூலகத்தில் தூங்கினால் மட்டுமே மெய்.

அதனால் நெல்லைச் சீமையைப் பற்றி எழுத உட்காரும் எவரும் கடைசியில் இரண்டு வெள்ளைக்காரர்களின் காலடியில்தான் போய் விழவேண்டியிருக்கிறது. ஒருவர் கால்டுவெல் பாதிரியார், 1881-ல் திருநெல்வேலி வரலாறு எழுதியவர். இன்னொருவர் பேட் துரை, 1917-ல் மாவட்டக் கெசட்டியர் தொகுத்தவர். என் தாத்தா சொன்னதாக ஒரு சங்கதியைச் சேர்த்தால் அரைமணி நேரத்தில் காணாமல் போய்விடுகிறது. அதே சங்கதி பேட் துரை புத்தகத்தில் இருந்தால் பீடத்தில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. துரை யாரிடம் கேட்டு எழுதியிருப்பார்? நம்மூர்த் தாத்தா ஒருவரைக் கச்சேரிக்குக் கூப்பிட்டு, நிற்க வைத்துத்தான் கேட்டிருப்பார். தாத்தா உட்கார்ந்து சொன்னால் வதந்தி, நின்றுகொண்டு சொன்னால் வரலாறு என்று ஆகிவிட்டது.

துரைமார் எழுதியதெல்லாம் நடுநிலை என்றும் நினைத்துவிட வேண்டாம். இதே கால்டுவெல் 1849-ல் இங்குள்ள மக்களில் ஒரு பிரிவினரைப் பற்றி வெளியிட்ட நூல், அவர்களை எவ்வளவு புண்படுத்தியதென்றால், அவர்களில் சட்டாம்பிள்ளை என்பவரைப் போன்றவர்கள் வெகுண்டெழுந்து எதிர்த்தார்கள். அவர்கள் கையில் அன்று ‘தொகு’ என்ற பொத்தான் இல்லை. இருந்திருந்தால் இடையன்குடியில் பாதிரியாருக்குத் தூக்கம் போயிருக்கும்.

பாளையங்கோட்டைக்கு வருவோம். அது ‘தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு’. தெருவுக்குத் தெரு பள்ளிக்கூடம், யோவான் கல்லூரி, சாராள் தக்கர் கல்லூரி, 1923-ல் தொடங்கிய சவேரியார் கல்லூரி என்று பட்டத்துக்கான நியாயம் ஏராளம். பட்டம் கொடுத்தவர் யார் என்று தேடினால்தான் தலை சுற்றுகிறது. ஒரு செய்தித்தாள் கட்டுரை சிக்கியது. அது ஒரு பள்ளி ஆண்டுமலரைப் பார்த்து எழுதப்பட்டிருந்தது. ஆண்டுமலரில் எழுதியவரோ, கணினியில் பார்த்துத்தான் எழுதினேன் என்று பெருமையாகச் சொன்னார். எந்தப் பக்கத்தில் என்று கேட்டால், எந்தப் பக்கத்துக்காக நான் சான்று தேடி அலைந்தேனோ அதே பக்கம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியரான என் அத்தானிடம் போய்ப் புலம்பினேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே, “மாப்ளே, ஆக்ஸ்போர்டுக்காரன் இதுவரைக்கும் ஆட்சேபம் சொல்லியிருக்கானா? பொறவு ஒமக்கு என்னவே?” என்றார். விக்கிப்பீடியாவில் பேச்சுப் பக்கத்தில் இப்படி ஒரு தர்க்கத்தை இன்னும் யாரும் வைக்கவில்லை.

இதெல்லாம் சில்லறை. ரத்தக்கொதிப்பு ஏறுவது ‘முதல்’ என்ற இடத்தில். முதல் விடுதலை வீரர் யார்? 1755-ல் கர்னல் ஹெரானை எதிர்த்து நின்ற நெற்கட்டும்செவல் பூலித்தேவரா, 1799 அக்டோபர் 16-ல் கயத்தாறில் தூக்கிலேறிய கட்டபொம்மனா? நாட்காட்டியைப் பார்த்தால் முடிந்துபோகிற விஷயம் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். இங்கே நாட்காட்டிக்கும் கட்சி உண்டு. காலையில் ஒருவர் ‘முதல்’ என்று சேர்ப்பார், மதியம் இன்னொருவர் எடுப்பார், சாயங்காலம் மூன்றாமவர் வந்து இருவரையும் தள்ளிவிட்டுத் தன் பக்கத்து வீரரைக் கொண்டுவந்து நிறுத்துவார். இதற்குத் தொகுத்தல் போர் என்று பெயர். பாஞ்சாலங்குறிச்சிப் போராவது ஒருநாள் முடிந்தது. இதில் வேடிக்கை, 1986-ல் தூத்துக்குடி மாவட்டமும் 2019-ல் தென்காசி மாவட்டமும் பிரிந்து போனதில் பாஞ்சாலங்குறிச்சி அந்தப் பக்கம், நெற்கட்டும்செவல் இந்தப் பக்கம். இரண்டு வீரர்களுமே இன்றைக்கு வேறு மாவட்டத்துக்காரர்கள். சண்டை மட்டும் நெல்லையிலேயே தங்கிவிட்டது.

கட்டபொம்மன் விஷயத்தில் அச்சிட்ட சான்றுக்குப் பஞ்சமில்லை. அதுதான் தொந்தரவே. ம.பொ.சி. எழுதிய புத்தகத்தில் அவர் மாவீரர். தமிழ்வாணன் ஒரு புத்தகத்துக்குத் தலைப்பே ‘கட்டபொம்மன் கொள்ளைக்காரன்’ என்று வைத்தார். இரண்டுக்கும் ஆசிரியர் உண்டு, பதிப்பகம் உண்டு, பக்க எண்ணும் உண்டு. எதை எடுப்பது, எதை விடுவது? இரண்டையும் சொல், உன் கருத்தைச் சொல்லாதே என்கிறது நடுநிலை நோக்கு. சொன்னேன். இரண்டு தரப்பும் ஒற்றுமையாக வந்து என்னைத் திட்டின. என் அனுபவத்தில், ஒரு வாக்கியம் எல்லாருக்கும் சம அளவில் பிடிக்காமல் போனால்தான் அது மாதக்கணக்கில் யார் கையும் படாமல் நிற்கிறது.

அப்போது ஒரு கல்லூரித் தம்பி உள்ளே நுழைந்தார். 1798-ல் இராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சனிடம் கட்டபொம்மன் பேசியது என்று ஒரு நீண்ட வசனத்தை முழுசாகச் சேர்த்திருந்தார். தமிழ்நாட்டில் மாறுவேடப் போட்டிக்குப் போன குழந்தைகள் எல்லாருக்கும் மனப்பாடமான வசனம்தான். இது 1959-ல் வந்த சினிமாவுக்குச் சக்தி கிருஷ்ணசாமி எழுதியது தம்பி, வரலாற்றுச் சான்று ஆகாது என்று பக்குவமாகச் சொன்னேன். “சிவாஜி சாரே சொல்லியிருக்காரு, இதுக்கு மேல என்ன சான்று வேணும்?” என்று பதில் வந்தது. உண்மையைச் சொன்னால், அந்தக் குரலுக்கு முன்னால் கெசட்டியர் கொஞ்சம் சோகையாகத்தான் தெரிகிறது.

இத்தனைக்கும் மேலே நம் மொழி வேறு நடுநிலையாக இருக்க விடமாட்டேன் என்கிறது. ஆங்கிலத்தில் எழுதுகிறவன் ஆளைத் தூக்கில் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவான். நாம் ‘போடப்பட்டான்’ என்று முடிப்பதா ‘போடப்பட்டார்’ என்று முடிப்பதா என்று தீர்மானித்தாக வேண்டும். எல்லாருக்கும் ‘ர்’ என்று பொதுவாக வைத்தேன். “அந்த ஜாக்சனுக்கு என்னத்துக்குவே மரியாத? அவன் ஒமக்கு மாமனா மச்சானா?” என்று ஒருவர் போன் போட்டே கேட்டார். என் நம்பர் அவருக்கு எப்படிக் கிடைத்தது என்பதற்குத்தான் எனக்கு இன்றுவரை சான்று தேவை.

சண்டை முற்றினால் போவதற்கு ஓர் இடம் இருக்கிறது. தமிழ் விக்கிப்பீடியாவில் பொது விவாதம் நடக்கும் பக்கத்துக்கு ‘ஆலமரத்தடி’ என்றே பெயர். சொம்புதான் இல்லை. 2003-ல் இந்தக் கலைக்களஞ்சியம் தொடங்கிய காலத்தில் ஏரைப் பிடித்து உழுதவர் இலங்கைத் தமிழரான மயூரநாதன். இன்றும் மரத்தடியில் யாழ்ப்பாணத்துத் தமிழும் கொங்குத் தமிழும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். எங்கள் ஊர்ச் சண்டையைத் தீர்க்க எங்கள் ஆற்றைக் கண்ணால் பார்த்திராதவர்கள் வருவது நல்லதுதான். அவர்களுக்கு இரண்டு கரையும் ஒன்று.

புஷ்கரத்துக்கு மட்டும் அவர்களாலும் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. 2018 அக்டோபரில் பாபநாசத்திலிருந்து கடலோரம் வரை படித்துறைக்குப் படித்துறை கூட்டம் அலைமோதியது. 144 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் மகா புஷ்கரம் என்றார்கள். 144-ஐக் கழித்தால் 1874. அப்போது நடந்ததற்கு ஒரு வரி ஆதாரம் கிடைத்தால் போட்டுவிடலாமே என்று, பஞ்சாங்கம் கரைத்துக் குடித்த எங்கள் தெருப் பெரியவர் ஒருவரிடம் போனேன். குறுக்குத்துறையில் முங்கிவிட்டு ஈரத்துண்டோடு வந்துகொண்டிருந்தார்.

“1874-ல இந்த விக்கிப்பீடியா இருந்துதா?”

“இல்ல.”

“பொறவு எப்படிவே அதுல இருக்கும்?”

“அதுல இல்ல அண்ணாச்சி. அந்தக் காலத்துல துரைமாரு யாராவது எழுதி வச்சிருப்பாங்களான்னு...”

“குளிக்கதப் பத்தித் துரைமாருக்கு என்னவே தெரியும்?”

மேற்கொண்டு கேட்க என்னிடம் எதுவுமில்லை. என் முகம் வாடியதைப் பார்த்து இரக்கப்பட்டாரோ என்னவோ, துண்டைப் பிழிந்து உதறிவிட்டுச் சமாதானமாகச் சொன்னார்: “அடுத்தது 2162-ல வருது. வெரசா ஆத்துக்கு வந்து நாலு படம் புடிச்சுப் போடும். சான்று கெடச்சிரும்லா.”

அந்தப் பக்கத்தை என் கவனிப்புப் பட்டியலில் சேர்த்து வைத்திருக்கிறேன்.