ராத்திரிப் பட்டினி என்றொரு நோய்

உதியன்குளங்கரை ஜங்ஷன். ஒரு பக்கம் நெய்யாற்றின்கரை, இன்னொரு பக்கம் பாறசாலை. மலையாளத்தில் ஆரம்பிக்கிற வாக்கியம் தமிழில் முடிகிற ஊர். அங்கே ஒரு பெட்டிக்கடை, அதன் முன்னால் கடையைவிடப் பெரிதாக ஒரு ஃப்ரிட்ஜ். குளிர்பானக் கம்பெனி கொடுத்தது. கதவு முழுக்க பனித்துளி வழியும் பாட்டில். பக்கத்தில் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிக்கிற இளைஞர் கூட்டம். ஒரு பாட்டில் சர்க்கரைத் தண்ணீருக்கு மனிதன் இவ்வளவு சிரிக்க முடியுமா என்று நமக்கே சந்தேகம் வரும்.

கடைக்கார அண்ணாச்சி கதவைத் திறந்தார். உள்ளே கோலா நாலே நாலு பாட்டில். மிச்ச இடத்தில் பால் பாக்கெட், எலுமிச்சை, ஒரு கட்டு கறிவேப்பிலை. மேல் தட்டு மூலையில் அண்ணாச்சியின் இன்சுலின்!

"கரண்டு பில்லு நம்ம தலையில. அப்போ நம்ம சாதனமும் இருக்கட்டும்ணு வச்சிட்டேன், கேட்டியளா?" என்றார். பானங்களின் நூற்றைம்பது வருஷ விளம்பர சரித்திரத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது. ஆனாலும் நான் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், நமக்கும் பிழைப்பு நடக்க வேண்டுமே.

பானம் விற்பவனுக்கு ஜென்ம விரோதி ஒருவன் உண்டு. பெயர் தண்ணீர். தாகம் எடுத்தால் கிணற்றடியில் இலவசமாகத் தீர்ந்துவிடும். ஆகவே தாகத்தை நம்பிக் கடை போட்டவன் தெருவில்தான் நிற்பான். சாமர்த்தியசாலி என்ன செய்தான்? 'உங்களுக்குத் தாகம் மட்டுமா? இன்னொரு குறையும் இருக்கிறதே, கவனிக்கவில்லையா?' என்று ஆரம்பித்தான். அன்றிலிருந்து நமக்குக் குறை தீரவே இல்லை.

முதலில் பாரிஸுக்குப் போவோம். 1863-இல் ஆஞ்சலோ மரியானி என்கிற மருந்து வியாபாரி, நல்ல போர்டோ ஒயினில் கோகா இலைகளை ஊறப்போட்டு 'வின் மரியானி' என்று விற்றார். கோகா இலையிலிருந்து எடுப்பதுதான் கொக்கைன். ஒயின் ஒரு பக்கம், கொக்கைன் ஒரு பக்கம். குடித்தவருக்கு உற்சாகம் வந்ததில் ஆச்சரியம் இல்லை, குடித்தவர் வீடு போய்ச் சேர்ந்ததுதான் ஆச்சரியம்.

மரியானியின் உண்மையான கண்டுபிடிப்பு ஒயின் அல்ல, பிராண்ட் அம்பாசடர்! பிரபலங்களுக்குப் புட்டி அனுப்பி, அவர்கள் எழுதிய பாராட்டுக் கடிதங்களைப் படத்தோடு ஆல்பமாகவே போட்டார். எடிசன், எமிலி ஜோலா, ஜூல்ஸ் வெர்ன் என்று பட்டியல் நீள்கிறது. உச்சகட்டமாகப் போப்பாண்டவர் பதின்மூன்றாம் லியோ தங்கப் பதக்கமே கொடுத்தார். அவர் திருவுருவம் விளம்பரப் போஸ்டரில் வந்தது. பூஸ்ட் டப்பாவோடு சச்சின் நம் டிவிக்கு வருவதற்கு சுமார் நூறு வருஷம் முன்னாலேயே வாடிகன் அந்த இடத்தைப் பிடித்துவிட்டது!

சுதந்திர தேவி சிலையைச் செய்த சிற்பி பர்த்தோல்டியின் சர்டிபிகேட் இன்னும் அழகு. இந்த ஒயினை இருபது வருஷம் முன்பே குடித்திருந்தால் சிலை பல நூறு மீட்டர் உயரத்துக்கு வளர்ந்திருக்கும் என்கிற அர்த்தத்தில் எழுதிக் கொடுத்தார் மனிதர். பானம் குடித்தால் உயரம் கூடும்! இந்த வசனத்தை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? பொறுங்கள், அந்த டப்பாவுக்கும் வருவோம்.

மரியானியைப் பார்த்து அமெரிக்காவில் காப்பி அடித்தவர் ஜான் பெம்பர்டன். அட்லாண்டாவில் மருந்துக் கடைக்காரர். உள்நாட்டுப் போரில் வாள்வெட்டுப் பட்டு, வலிக்கு மார்ஃபின் எடுத்து, அதற்கே அடிமையானவர். இவரும் 'பிரெஞ்ச் ஒயின் கோகா' என்று ஒன்றைக் கலக்கினார். வியாபாரம் சூடு பிடிக்கிற நேரம் பார்த்து ஊரில் மதுவிலக்கு வந்தது. நம் ஆளாக இருந்தால் கோர்ட்டுக்குப் போயிருப்பார். அவர் ஒயினை எடுத்துவிட்டுச் சர்க்கரையைக் கொட்டினார்.

1886 மே மாதம் கோகா-கோலா பிறந்தது இப்படித்தான். பெயர் வைத்ததும், இன்று வரை நாம் பார்க்கிற அந்த வளைந்து நெளிந்த எழுத்தை எழுதியதும் அவருடைய கணக்குப்பிள்ளை ஃபிராங்க் ராபின்சன். உலகத்திலேயே அதிகம் பேர் பார்த்த கையெழுத்து ஒரு கணக்கரின் கையெழுத்தாகத்தான் இருக்கும்! தலைவலிக்கும் நரம்புத் தளர்ச்சிக்கும் கைகண்ட மருந்து, மூளைக்கு டானிக் என்று விளம்பரம் செய்தார்கள். முதல் வருஷ விற்பனை ஒரு நாளைக்குச் சராசரி ஒன்பது கிளாஸ். அண்ணாச்சி கடையில் நன்னாரி சர்பத்தே அதைவிட நன்றாகப் போகும். ஊருக்கெல்லாம் மூளை டானிக் விற்ற பெம்பர்டன், உரிமையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கைமாற்றிவிட்டு 1888-இல் போய்ச் சேர்ந்தார். அந்த நேரத்தில் அவர் சொந்த டானிக்கை ஒரு மடக்கு குடித்திருக்கலாம்.

இப்போது அந்த டப்பா. ஜேம்ஸ், வில்லியம் என்று ஹார்லிக் சகோதரர்கள் இருவர். இங்கிலாந்துக்காரர்கள், கடை போட்டது அமெரிக்காவில், 1873-இல். பச்சைக் குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்கும் என்று மால்ட் பவுடர் செய்தார்கள். துருவப் பயணிகளுக்கு டின் டின்னாகப் போனது. வில்லியம் ஹார்லிக் பண உதவி செய்ததற்கு நன்றியாக ரிச்சர்ட் பேர்ட் என்கிற பயணி அண்டார்க்டிகாவில் ஒரு மலைத்தொடருக்கே 'ஹார்லிக் மலைகள்' என்று பெயர் வைத்தார். ஆள் நடமாட்டமே இல்லாத இடத்தில் ஒரு ஹோர்டிங்!

ஆனால் 1930-களில் பிரிட்டனில் ஒரு சங்கடம். நல்ல திடகாத்திரமான ஆளுக்கு நோயாளிக் கஞ்சியை எப்படி விற்பது? ஜே.வால்டர் தாம்ப்சன் என்கிற விளம்பரக் கம்பெனி உட்கார்ந்து யோசித்தது. நோயாளிகள் போதவில்லையா? நோயை உண்டாக்கு! பிறந்தது 'நைட் ஸ்டார்வேஷன்'. ராத்திரிப் பட்டினி. அதாவது, நீங்கள் மூக்குமுட்டச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தாலும், இதயமும் நுரையீரலும் ராத்திரி முழுக்க வேலை செய்வதால் தூக்கத்திலேயே பட்டினி கிடக்கிறீர்கள். அதனால்தான் காலையில் அசதி.

படக்கதை மாதிரி விளம்பரங்கள் வந்தன. களைத்துப்போன கணவன், கடுகடு முதலாளி, கவலைப்படும் மனைவி, டாக்டர், ராத்திரிப் பட்டினி, ஒரு கிளாஸ் ஹார்லிக்ஸ், பிரமோஷன்! எந்த மருத்துவப் புத்தகத்திலும் இல்லாத நோய் ஒரு தேசத்தையே பீடித்தது. எந்தக் கிருமிக்கும் வாய்க்காத வேகம்.

இதில் அடுத்த கூத்து நம்முடையது. முதல் உலகப் போருக்குப் போய்த் திரும்பிய சிப்பாய்கள் அந்த டப்பாவை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். பிரிட்டனில் அது படுத்ததும் தூங்க. இங்கே அது தூங்காமல் படிக்க! மால்ட் அதேதான், அம்மாதான் வேறு. இந்திய அம்மாவுக்குத் தன் தூக்கத்தைப் பற்றிக் கவலை இல்லை, பிள்ளையின் ரேங்க்கைப் பற்றித்தான். அந்த நாடியைப் பிடித்துவிட்டார்கள். ஹார்லிக்ஸ் பாட்டில் இல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போகிறவரை நம் ஊர் மனிதராகவே மதித்ததில்லை. காலியான பாட்டில் பருப்பும் மிளகாய்த்தூளுமாக இன்னொரு பிறவி எடுத்தது தனிக்கதை.

பிள்ளைகள் உயரமாக, வலுவாக, புத்திசாலியாக வளர்வார்கள் என்று வங்கதேசத்துக்கு எடுத்த விளம்பரம் ஒன்று 2008-இல் பிரிட்டனில் ஒரு சேனலில் ஓடிவிட்டது. அங்கே விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு 'ஆதாரம் எங்கே?' என்று கேட்டுத் தடை போட்டது. அது பிரிட்டனுக்கான விளம்பரமே இல்லை, தவறுதலாகப் போய்விட்டது என்று கம்பெனி விளக்கம் சொன்னது. அதாவது, கடல் தாண்டினால் பிள்ளைகள் வளர மாட்டார்கள். இங்கே 2024 ஏப்ரலில்தான் மத்திய அரசு ஆன்லைன் கடைகளிடம், இந்த மாதிரி பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' பட்டியலிலிருந்து எடுங்கள் என்றது. சட்டத்தில் அப்படி ஒரு வகையே கிடையாதாம். எத்தனை வருஷமாக இல்லாத ஒன்றை ரெண்டு ஸ்பூன் போட்டுக் கலக்கியிருக்கிறோம்!

தேயிலை மட்டும் யோக்கியமா? 1903-இல் தோட்ட முதலாளிகள் அரசாங்கத்திடம் போய், 'எங்கள் மேல் வரி போடுங்கள்' என்று கேட்டு வாங்கினார்கள். வரியை விரும்பிக் கேட்ட முதலாளிகளைச் சரித்திரத்தில் அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. அந்தப் பணம் பிரசாரத்துக்கு. ரயில் நிலையங்களில் டீ போடுவது எப்படி என்று எனாமல் பலகைகள், தெருவில் இலவச டீ. காந்தியோ டீ உடம்புக்கு ஆகாது என்று எழுதிக்கொண்டிருந்தார். வெள்ளைக்காரன் பானம் என்ற கெட்ட பெயர் வேறு. 1947-இல் அன்னதா முன்ஷி என்கிற ஓவியர் ஒரு போஸ்டர் வரைந்தார்: ராட்டை, பக்கத்தில் சேலை கட்டிய பெண், கையில் கோப்பை. டீ நூறு சதவீதம் சுதேசி! ராட்டை காந்தியுடையது, கோப்பை காந்தி வேண்டாம் என்றது. இரண்டும் ஒரே படத்தில் சமாதானமாக உட்கார்ந்துவிட்டன.

தேசபக்தியைக் கலக்கினால் எல்லாமே விற்கும் என்று ஒரு அரசாங்கமே நம்பியது. 1977-இல் ஜனதா ஆட்சி வந்ததும், பங்குகளை இந்தியர்களுக்குக் கொடு, ரகசிய ஃபார்முலாவையும் கொடு என்று நெருக்க, கோகா-கோலா மூட்டை கட்டியது. மைசூர் உணவு ஆராய்ச்சிக் கூடத்தில் ஒரு ஃபார்முலா தயாரானது. பிரெட் சுடுகிற அரசு நிறுவனம் அதை வைத்துக் கோலா தயாரித்தது. பெயர் '77'. தேர்தலில் ஜெயித்த வருஷத்தையே குளிர்பானத்துக்குப் பெயராக வைத்த ஒரே அரசாங்கம் இதுதானோ என்னவோ. ஆட்சி நடுவிலேயே கவிழ்ந்தது, பின்னாலேயே கோலாவும் போனது. அந்த இடைவெளியில் தனியார்காரரான ரமேஷ் சௌஹான், தேசபக்தி எதுவும் பேசாமல், கட்டைவிரலை மட்டும் உயர்த்திக் காட்டித் தம்ஸ் அப்பை விற்றுத் தள்ளினார். 1993-இல் திரும்பி வந்த கோகா-கோலா அதையே விலைக்கு வாங்கியது!

எங்கள் கேரள-தமிழ்நாடு எல்லைக்கும் இதில் ஒரு காட்சி உண்டு. கோலாவில் பூச்சிமருந்து இருக்கிறது என்கிற சர்ச்சையில் 2006 ஆகஸ்டில் கேரள அரசு கோலாக்களைத் தடை செய்தது. அடுத்த மாதமே ஹைகோர்ட் தடையை நீக்கியது. அந்தச் சில வாரங்கள் யோசித்துப் பாருங்கள். அதே வெயில், அதே ரோடு. களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் பாட்டில் குற்றம், அந்தப் பக்கம் குளிர்ச்சி. விஷம்கூட செக்போஸ்ட் பார்த்து நின்றுவிடுகிற மண் இது.

கடைசியாகப் பெரியவர் ஒருவர் பாக்கி. மது. டிவியில் விளம்பரம் செய்யச் சட்டம் விடாது. அதனால் அதே பெயர், அதே எழுத்து, அதே நிறத்தில் சோடா வந்தது, குடிதண்ணீர் வந்தது, பாட்டு சிடி வந்தது. அந்த சிடியைக் கடையில் கேட்டு வாங்கியவர் யாரையாவது நீங்கள் பார்த்திருந்தால் தயவுசெய்து அறிமுகப்படுத்துங்கள். இப்படி ஒரு விளம்பரத்தில் மோகன்லால் 'வைகிட்டு எந்தா பரிபாடி?' என்று கேட்டார். சாயங்காலம் என்ன புரோகிராம்? அவ்வளவுதான். பாட்டிலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கேரளம் முழுக்க அர்த்தம் புரிந்தது!

இத்தனை மூளையும் எங்கே தோற்கிறது தெரியுமா? விளம்பரமே செய்யாத பெவ்கோ, அதாவது கேரள அரசு மதுக்கடை வரிசையில். அந்தப் பக்கம் டாஸ்மாக் வரிசையில். அங்கே சிரிக்கிற இளைஞர் படம் கிடையாது, வரிசையில் நிற்பவரும் சிரிப்பதில்லை. தள்ளாமல், முள்ளாமல், தவம் மாதிரி நிற்கிறார்கள்.

சரி, அக்கானி விற்கிற பாட்டி மட்டுமாவது சுத்தம் என்று நினைத்தேன். பதநீரைத்தான் இங்கே அக்கானி என்போம். பானையை இறக்கியதும் பாட்டி சொன்ன முதல் வார்த்தை: "குடி மக்கா, உடம்புச் சூட்டுக்கு நல்லதாக்கும்." எனக்குச் சூடு இருக்கிறது என்று யார் சொன்னது? குடித்தேன். உண்மையிலேயே அதற்கு முன் சூடாகத்தான் இருந்திருக்கிறேன் போல!

ஆகவே மரியானியையும் பெம்பர்டனையும் திட்டிப் பயனில்லை. குறை சொன்னால் உடனே தடவிப் பார்த்துக்கொள்வது நம் சுபாவம். ஒன்று மட்டும் செய்யலாம். டிவியில் ஒரு பானம் உங்களைப் பார்த்துச் சிரித்தால், குடிப்பதற்கு முன் திருப்பிக் கேளுங்கள்: 'எனக்கு என்னப்பா குறை என்கிறாய்?'

கிளம்பும்போது அண்ணாச்சிக்குத் தாகம். ஃப்ரிட்ஜ் பக்கம் திரும்பவே இல்லை. பலகைக்கு அடியில் கையை விட்டு, பதிமுகக் கட்டை போட்டுக் காய்ச்சிய இளஞ்சிவப்புத் தண்ணீரை எடுத்து அண்ணாந்து குடித்தார். அதை ஊற்றி வைத்திருந்தது லேபிள் கிழிந்த ஒரு கோலா பாட்டிலில்.