ரவுட்டர் போனை வைக்கும் முறைமை: ஒரு பேருரை

ரவுட்டரோடு ஒரு மோடத்தை இணைத்து, வேண்டும்போது அது தானே தலைமை அலுவலகத்தை அழைத்து, வேலை முடிந்ததும் தானே துண்டித்துக்கொள்ளும்படி அமைப்பதை 1990களின் சிஸ்கோ நூலார் 'டயல் ஆன் டிமாண்ட்' என்றனர். இக்கலையை உரைத்தோர் பலரும் அழைப்பதெப்படி என்பதிலேயே பக்கங்களைச் செலவிட்டனர். துண்டிப்பதெப்படி என்பதே இதன் உயிர்நிலை என்பது நம் துணிபு. (1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். திறந்த பொது இணையத்தில் ஏறி, வீட்டுப் போனைப் பிடித்துவைத்துக்கொண்டு வசவு வாங்கியவர்களின் வரலாறு தனி நூலாக விரியத்தக்கது, ஈண்டு விடப்பட்டது.)

அழைத்தல் எளிது. சாட் ஸ்கிரிப்ட் என்னும் நூற்பா மோடத்திடம் 'ஏ.டி.' என்னும்; மோடம் 'ஓகே' என்னும்; 'ஏ.டி.டி.டி.' என்று எண்ணைச் சேர்த்துச் சொல்லிவிட்டு 'கனெக்ட்' வரும்வரை காத்திருக்கும். இம்மொழி 1981இல் ஹேய்ஸ் ஸ்மார்ட்மோடம் தந்தது. மோடங்கள் கீச்சிட்டுக் கரகரத்து வேகம் பேசி முடித்தபின் 'சாப்' என்னும் அடையாளச் சோதனை வரும். ஒரு முனையார் புதிர் ஒன்றை அனுப்ப, மறுமுனையார் கடவுச்சொல்லை அதனோடு சேர்த்து அரைத்து விடையை மட்டும் அனுப்புவார். கடவுச்சொல் கம்பியில் ஏறுவதில்லை. அங்குள்ள ரவுட்டரின் பெயரும் இங்கே எழுதிய யூசர்நேமும் எழுத்துப் பிசகாமல் ஒத்திருக்க வேண்டும். பிசகினால், சம்பந்தியின் இனிஷியலை விட்டுவிட்ட கல்யாணப் பத்திரிகைக்கு நேரும் கதிதான்.

இனி, துண்டித்தல். ரவுட்டர் பொட்டலங்களை இரு திணையாகப் பகுக்கும். போன் செலவுக்குத் தகுதியானவை உயர்திணை, ஏனையவை அஃறிணை. திணை பகுக்கும் சூத்திரமே டயலர்-லிஸ்ட். உயர்திணை வந்தால்தான் ரவுட்டர் போனை எடுக்கும். லைன் மூடியிருக்கையில் வரும் அஃறிணை கீழே போடப்படும். லைன் ஏற்கெனவே திறந்திருந்தாலோ அஃறிணையும் ஓசியில் ஏறிச் செல்லலாம். ஆனால் அதற்காக ரவுட்டர் ஒரு நொடியும் கூடுதலாகக் காத்திராது. கடைசி உயர்திணை சென்று 120 நொடி கழிந்தால் லைன் அறும். இதுவே ஐடில்-டைம்அவுட்; வேறு எண் எழுதாதவிடத்து 120 என்றே கொள்க.

அற்றேல், தானே அறுந்துவிடும் லைனுக்குப் பேருரை எற்றுக்கு எனின், கூறுதும். சோம்பல் மிக்க பொறியாளர் 'ஐ.பி. அனைத்தும் உயர்திணை' என்று ஒற்றை வரி எழுதிவிட்டு வீட்டுக்குப் போவார். அந்த ரவுட்டரில் ரிப் என்னும் வழியறிவிப்பு நெறிமுறை ஓடிக்கொண்டிருக்கும். ரிப்போ, எதுவும் மாறாவிடினும், தனக்குத் தெரிந்த வழிகளையெல்லாம் 30 நொடிக்கொருமுறை அறிவிக்கும் சுபாவமுடையது. 120ஐ நோக்கிப் புறப்பட்ட கடிகாரம் 30லேயே திரும்பிவிடும். வெள்ளி மாலை எடுத்த போன் திங்கள் காலையிலும் வைக்கப்பட்டிராது. இடையே அக்கம்பியில் சென்ற செய்தியெல்லாம் 'இங்கே எல்லாம் முன்போலவே' என்பதுதான். விண்டோஸ் கணினிகள் நள்ளிரவில் அண்டை அயலாரைப் பெயர் சொல்லி விசாரிக்கும் நெட்பயாஸ் வழக்கமும் இதே பயன் தரும்.

மறுதலைக் கேடும் உண்டு: வைக்கக் கூடாதபோது வைத்தல். பேச்சின் நடுவே மோடத்தைக் கட்டளை கேட்க வைப்பதற்கு மூன்று கூட்டல் குறிகள் அனுப்ப வேண்டும். அவற்றுக்கு முன்னும் பின்னும் ஒரு நொடி மௌனம் வேண்டும் என்றது ஹேய்ஸ்; அம்மௌனத்துக்கு 1985இல் காப்புரிமையும் பெற்றது. உரிமத்தொகை தர மனமில்லாத சிலர் மௌனமே தேவைப்படாத மோடங்களைச் செய்தனர். விளைவு யாதெனின், +++ உடன் 'ஏ.டி.எச்.' என்பதைப் பொதிந்து யாரோ ஒரு பிங் அனுப்புவார். பெற்ற கணினி மரியாதையாக அதை அப்படியே திருப்பியனுப்பும். வழியிலிருக்கும் அதன் சொந்த மோடம் தனக்கிட்ட ஆணையென்று கொண்டு போனை வைத்துவிடும். மௌனத்துக்கு விலை வைத்தவரும் விலை தர மறுத்தவரும் ஆகிய இருவருள் குற்றவாளி இரண்டாமவரே என்பது நம் கட்சி.

முடிபு வருமாறு. திணை பகுக்க டயலர்-லிஸ்ட் துணைக்கழைக்கும் அக்சஸ்-லிஸ்ட் மேலிருந்து கீழாகப் படிக்கப்படும். முதலில் பொருந்திய வரியே செல்லும். ஆகவே யூ.டி.பி. 520ஐ, அதாவது ரிப்பை, மறுக்கும் வரியை 'அனைத்தும் அனுமதி'க்கு மேலே எழுதுக. ரிப்பை நம்பாமல் வழி காட்ட ஸ்டாட்டிக் ரூட் ஒன்று போதும். மறுக்கும் வரியைக் கீழே எழுதினால் ரவுட்டர் அதுவரை வரவே வராது. மறுத்துத்தான் எழுதியிருந்தேன் என்று பில் போடுபவரிடம் வாதாடியும் பயனில்லை.